சிற்றி ஹோல் ஆருடைய காசு?

ரொறன்ரோவின் பழைய நகர மண்டபத்தை, அதாவது பழைய சிற்றி ஹோலை, வரைந்து கட்டிய கட்டடக் கலைஞர் ஈ. ஜே. லெனக்ஸ் கடைசியில் தன் பெயரைத் தானே கல்லில் செதுக்கிவைத்துவிட்டுப் போனார். குயீன் வீதியும் பே வீதியும் சந்திக்கிற மூலையில், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பாருங்கள். இறவாரத்தைத் தாங்குகிற கற்களில் எழுத்து எழுத்தாகக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகும்: பெயர், தொழில், கி.பி. 1898. கட்டியவர் பெயரில் ஒரு பலகை வைக்க நகரசபை மறுத்துவிட்டது. காரணம் காசு. 1889-இல் தொடங்கிய வேலை 1899 வரை இழுத்தது, செலவு 2.5 மில்லியன் டொலரில் போய் நின்றது. ஊர் முழுக்கப் பேச்சு வாங்கிய சபை உறுப்பினர்கள் தங்கள் கோபத்தை லெனக்ஸ் மேல் காட்டினார்கள். அவர் தன் கோபத்தைக் கல்லில் காட்டினார். முன்வாசல் தூண்களில் பல்லை இளித்துக்கொண்டும் கன்னத்தை உப்பிக்கொண்டும் இருக்கிற முகங்கள் அந்த உறுப்பினர்களுடையவையாம். நடுவில் மீசையோடு ஒழுங்காக இருக்கிற ஒரேயொரு முகம் லெனக்ஸுடையதாம். நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

நகர மண்டபம் கட்டுவதென்றால் எந்த ஊரிலும் இந்தப் பிரச்சினைதான். வைத்தியசாலை கட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தண்ணீர்க் குழாய் நிலத்துக்குக் கீழே போய்விடும், அதற்கு எத்தனை மில்லியன் போனதென்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. "எங்களுக்கு ஒரு புதுக் கட்டடம் வேண்டும்" என்று சபையே வந்து நிற்கும்போதுதான் எல்லோரும் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஸ்காபரோவில் கனகாலமாக வீட்டுவரி கட்டுகிறவன் நான். வரிச் சீட்டு வருகிற மாதத்தில் எனக்கும் அந்தப் புத்திதான்.

மக்களின் கஞ்சத்தனம் நல்ல கட்டடங்களைக் கெடுத்துவிடும் என்று கட்டடக் கலைஞர்கள் புலம்புவார்கள். ரொறன்ரோவின் புதிய நகர மண்டபத்தின் கதையைப் படித்தபிறகு எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. "காசு தரமாட்டோம்" என்று இந்த ஊர் மக்கள் ஒருமுறை சொன்னதால்தான் அந்த அருமையான கட்டடம் வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோதே பழைய மண்டபத்தில் இடம் போதவில்லை. அதே கட்டடத்துக்குள் நீதிமன்றங்களும் இருந்தன. குயீன் வீதிக்கு வடக்கே ஒரு பெரிய சதுக்கம் அமைக்கும் யோசனை 1940-களிலேயே பேசப்பட்டது. நிலம் வாங்கவும் வாக்காளர்கள் சம்மதம் கொடுத்தார்கள். இதில் ஒரு விசித்திரம். வளர்ந்துகொண்டிருந்தது ரொறன்ரோ நகரம் கிடையாது. 1951 குடிசன மதிப்பில் நகரத்தில் 675,754 பேர். பத்து வருடம் கழித்து 672,407. குறைந்துவிட்டது. சுற்றியிருந்த ஊர்கள்தான் பெருத்தன. ஸ்காபரோ மட்டும் 1951-இல் 56,292-இலிருந்து 1961-இல் 217,286-க்குப் போனது. தோட்டக் காணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுத் தொடர்களாகின. இந்த ஊர்களுக்கெல்லாம் சேர்த்து 1954-இல் மெற்றோ ரொறன்ரோ என்று ஒரு கூட்டுச் சபையை ஒன்ராறியோ மாகாண அரசு உண்டாக்கியது: பதின்மூன்று உள்ளூராட்சிகள், மேலே ஒரு பொதுச் சபை. அதன் முதல் தலைவர் பிரெட் கார்டினர். அந்தப் பெயரைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2009 மே மாதம் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ஏறி மறித்து நின்ற அதிவேகப் பாதைக்கு அவருடைய பெயர்தான்.

ஆக, புதுக் கட்டடத்தில் நகரசபையும் இருக்க வேண்டும், மெற்றோவும் இருக்க வேண்டும். 1950-களின் முதற்பாதியில் மூன்று உள்ளூர்க் கட்டடக்கலை நிறுவனங்களிடம் சேர்ந்து ஒரு வரைபடம் போடச் சொன்னார்கள். வந்தது சுண்ணாம்புக்கல் பெட்டி. ஒரு பெரிய காப்புறுதிக் கம்பனியின் தலைமையகத்தைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் எதிர்த்து எழுதினார்கள். உலகப் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களான பிராங்க் லொயிட் றைற்றும் வோல்ற்றர் குறோப்பியஸும் வெளியிலிருந்து பரிகசித்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்தைக் கொன்றது அவர்களுடைய பரிகாசம் இல்லை. பெரிய கடனை வாங்குமுன் வாக்காளரைக் கேட்பது அந்நாளைய வழக்கம். 1955 டிசம்பரில், சபைத் தேர்தலோடு சேர்த்து, 18 மில்லியன் டொலர் செலவழிக்கலாமா என்று கேட்டார்கள். குறுகிய வித்தியாசத்தில் "இல்லை" என்று வந்தது.

ஏன் இல்லை என்றார்கள்? கட்டடம் வடிவில்லை என்று சிலர், வரி ஏறும் என்று பலர். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. இருக்கிற வீட்டை விட்டுப்போட்டு வேறு வீடு வாங்குகிறவன் "இந்த விலைக்கு இதுவா?" என்று கேட்கிற கேள்விதான் அது. விலை மட்டுமோ வீடு மட்டுமோ அவனுக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை.

அப்போது மேயராக இருந்தவர் நேதன் பிலிப்ஸ், ரொறன்ரோவின் முதல் யூத மேயர். அந்தப் பதவிக்குப் புரட்டஸ்தாந்துக்காரரே வந்துகொண்டிருந்த ஊர் இது. அவர் தோல்வியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கவில்லை. சர்வதேசப் போட்டி வைப்போம் என்றார்கள். மறு வருடம் அதே கேள்வியை மக்கள் முன் மறுபடி வைத்தார்கள். இம்முறை "ஆம்" என்று வந்தது. போட்டிக்கு 42 நாடுகளிலிருந்து 500-க்கு மேற்பட்ட வரைபடங்கள் வந்து குவிந்தன. போட்டியை நடத்திய பேராசிரியர் எரிக் ஆதர் எவ்வளவு தாள் புரட்டியிருப்பார் என்று நினைத்தாலே களைப்பாக இருக்கிறது.

நடுவர் ஐந்து பேர். அவர்களில் ஒருவரான கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் பிந்தி வந்து சேர்ந்தார். மற்றவர்கள் ஏற்கெனவே கழித்துவைத்திருந்த கட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டி, அதற்குள்ளிருந்து ஒன்றை உருவி எடுத்தார் என்பது இந்த ஊரில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற கதை. வளைந்த இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கு நடுவில் சபை கூடுகிற தட்டு வடிவ மண்டபம். பின்லாந்துக்காரரான வில்யோ ரெவெல் வரைந்தது. 1958 செப்டெம்பரில் அது வென்றதாக அறிவித்தார்கள். ஐவரில் இருவர் ஒத்துக்கொள்ளவில்லை. செலவு கூடிப்போகும், இப்படி வளைத்துக் கட்டினால் அலுவலகத்துக்கு வசதியாக இராது என்பது அவர்களின் வாதம். இரண்டும் சரியாகவே போனது! 18 மில்லியன் என்று பேசத் தொடங்கிய விஷயம் 31 மில்லியனில் முடிந்தது. ஆனால் 31 மில்லியனுக்கு வந்தது 18 மில்லியன் பெட்டியில்லை.

போன வருடம் பெறாமகளின் கலியாண எழுத்து அந்தக் கட்டடத்தில் நடந்தது. கோயிலில் தாலி கட்டுவது பிறகு. எழுத்து மட்டும் சிற்றி ஹோலில், அங்கேயுள்ள கலியாண அறையில். எங்களுக்கு முதல் ஒரு சோடி, எங்களுக்குப் பிறகு ஒரு சோடி, வாசலில் பூங்கொத்தோடு அடுத்த சோடி. அத்தானும் வந்திருந்தார். ஊரில் வேலைப்பகுதியில் ஓவசியராக இருந்தவர். எண்பது வயதாகியும் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் சுவரைத் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். மாப்பிள்ளை வீட்டார் படம் எடுத்துக்கொண்டிருக்க, என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றி நடந்தார்.

"உந்தப் பின்பக்கத்தில யன்னல் ஒண்டும் இல்லை. கவனிச்சனியே?"

உண்மைதான். கோபுரங்களின் முதுகு முழுக்கக் கொங்கிறீற். கிட்டப் போய்ப் பார்த்தால் நெடுக்காக வரி வரியாக இருக்கும், இடையிடையே சலவைக்கல் பட்டிகள். யன்னல்கள் எல்லாம் உள்வளைவில், ஒன்றையொன்று பார்த்தபடி, சபை மண்டபத்துக்கு மேலாக. கிழக்குக் கோபுரம் 27 மாடி, மேற்குக் கோபுரம் 20.

"அரைவாசிக் கந்தோருக்கு வெளிச்சம் வராது. நடைபாதைக்கே கன இடம் போகும். ஆர் உதுக்கு ஓம் எண்டது?" என்று கேட்டார். நான் சாரினென் கதையைச் சொன்னேன். "ம்" என்றார். முப்பத்தொரு மில்லியன் என்றேன். அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆர் குடுத்தது?"

நாங்கள்தான் கொடுத்தோம், நாங்கள் வர முதலே. நகரசபைக் கணக்கை விளங்கிக்கொள்ள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் ஓர் உள்ளூராட்சி அன்றாடச் செலவுக்காக நீண்டகாலக் கடன் வாங்க முடியாது. சம்பளம், பனி அள்ளுவது, குப்பை எடுப்பது எல்லாம் அந்த வருட வரியிலேயே சமாளிக்க வேண்டும். கட்டடம், பாலம் மாதிரியான முதலீட்டுச் செலவுக்கு மட்டும் கடன்பத்திரம் விற்கலாம். அதை வாங்கியவருக்கு வட்டியும் முதலும் பத்து, இருபது, முப்பது வருடமாக வீட்டுவரியிலிருந்து போகும். இன்று கட்டுகிறதற்கு நாளைக்குக் குடிவருகிறவனும் பங்கு கொடுப்பான். அவனும் அதைப் பாவிக்கப்போகிறான், கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அளவு மீறக்கூடாது என்று மாகாணம் கயிறு கட்டி வைத்திருக்கிறது. பெரும்பாலான நகரங்கள் தங்கள் சொந்த வருமானத்தில் 25 வீதத்துக்கு மேல் வருடாந்தக் கடன் தவணைக்குப் போட முடியாது. இந்தக் கயிறு சும்மா வந்ததில்லை. 1930-களின் பெருமந்தத்தில் ரொறன்ரோவைச் சுற்றியிருந்த ஊர்களில் பெரும்பாலானவை கடனைக் கட்ட முடியாமல் மாகாணத்தின் மேற்பார்வைக்குள் போயின. ஸ்காபரோவும் அதில் ஒன்று.

வேறு வழிகளும் உண்டு. வருடா வருடம் கொஞ்சம் ஒதுக்கிச் சேமநிதியாகச் சேர்க்கலாம். பழைய காணியை விற்கலாம். அயல் நகரமான மிசிசாகா 1987-இல் தன் நகர மண்டபத்தைத் திறந்தபோது மேயர் ஹேஸல் மக்கலியன் "எங்களுக்குக் கடனே இல்லை" என்று மார் தட்டிக்கொண்டிருந்தார். தோட்டக் காணிகளில் வீடு கட்ட வந்த கம்பனிகளிடம் வளர்ச்சிக் கட்டணம் வாங்கி நகரத்தை நடத்தினார்கள். கட்டடத்தைப் பார்த்தால் வைக்கோல் களஞ்சியமும் தானியக் குதிரும் மணிக்கூட்டுக் கோபுரமும் போலிருக்கும். அழிந்துபோன தோட்டங்களுக்கு அதே தோட்டக்காசில் எழுப்பிய நினைவுச்சின்னம் என்று நான் நினைத்துக்கொள்வேன். வீடு கட்ட இடம் இருக்கிறவரைக்கும்தான் அந்த வித்தை பலிக்கும். காணி முடிந்தவுடன் கட்டணமும் வற்றியது. பிறகு மிசிசாகாவும் கடன் வாங்கத்தான் செய்தது.

இந்த வளர்ச்சிக் கட்டண விஷயத்தில் மாகாணம் 1997-இல் செய்த ஒரு காரியம் எனக்கு இன்னும் எரிச்சல். புது வீடு வந்தால் வீதி, தண்ணீர், தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் கட்டுகிறவரிடம் கட்டணம் வாங்கலாம். ஆனால் பொது நிர்வாகத்துக்கான தலைமையகத்துக்கு வாங்கக்கூடாது என்று வளர்ச்சிக் கட்டணச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அதாவது ஊர் வளர்ந்ததால்தான் நகர மண்டபம் போதாமல் போகிறது. ஆனால் அந்த வளர்ச்சி அதற்கு ஒரு சதமும் தராது. முழுக்க வரி கட்டுகிறவன் தலையில். சபைகள் சொகுசு மண்டபம் கட்டி அதை இளம் குடும்பங்களின் வீட்டு விலையில் ஏற்றிவிடும் என்ற பயம் இதற்குப் பின்னால் இருக்கிறது, அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. இருந்தாலும், முத்திரை குத்துகிற எழுதுவினைஞர் இருக்க ஒரு மேசையில்லாமல் புதுத் தீயணைப்பு நிலையத்துக்கு அனுமதி எங்கிருந்து வரும்? ஒன்ராறியோவில் வேகமாக வளர்கிற சிறு நகரங்கள் பல, கட்டட அனுமதிப் பிரிவை ஓரிடத்திலும் பொறியியல் பிரிவை வேறொரு வாடகைக் கட்டடத்திலும் வைத்து இழுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகை அன்றாடச் செலவில் போகும், யாரும் வாக்கெடுப்புக் கேட்கமாட்டார்கள், பத்திரிகையிலும் வராது. இருபது வருட வாடகையைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கட்டடம் நிற்கும்.

அத்தானுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. குளிர் காற்று. உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். பிரதான வாசலுக்குக் கிட்ட சுவரில் ஆணிகளால் செய்த ஒரு பெரிய படைப்பு இருக்கிறது: டேவிட் பார்ட்ரிஜ் 1977-இல் செய்தது, ஒரு இலட்சத்துக்கு மேல் ஆணிகள். தூரத்தில் பார்க்கும்போது ஆகாயத்திலிருந்து பார்த்த பட்டணம். அத்தான் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன் விரலால் இழுத்துக்கொண்டு ஓடினான். ஆணித் தலைகள் டிர்ர்ரென்று சத்தம் போட்டன. காவலாளி இருவரையும் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். எத்தனை அரசாங்கக் கட்டடத்தில் சுவரைத் தொடவிடுவார்கள்?

அந்த ஆணிச் சுவரைத் தாண்டினால் நடுவில் ஒற்றைப் பெருந்தூண். மேலே இருக்கிற சபை மண்டபத்தின் முழுப் பாரமும் அதில்தான் இறங்குகிறது. அத்தான் அந்தத் தூணை நல்லாகச் சுற்றிப் பார்த்தார். யன்னல் பற்றிய முறைப்பாடு அதோடு நின்றது.

ரெவெல் தன் கட்டடத்தை முடிவாகப் பார்க்கவில்லை. 1964 நவம்பரில், 54 வயதில், செத்துப்போனார். திறப்பு விழா 1965 செப்டெம்பர் 13. பிலிப்ஸும் அதற்குள் தோற்றுப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்த டொனால்ட் சமர்வில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். திறந்தபோது மேயர் பிலிப் கிவென்ஸ். வென்ற வரைபடம் கையில் இருந்தும் ஏழு வருடம், மூன்று மேயர். புது நகர மண்டபம் கேட்கிற அரசியல்வாதி ஒருவர் "இதில் நான் உட்காருவேன்" என்று நினைத்துக் கேட்டால் ஏமாந்துபோவார். அதுவும் நல்லதற்குத்தான்.

கிவென்ஸுக்கு நடந்தது இன்னொரு வகை. சதுக்கத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் ஒன்றை வைக்க ஆசைப்பட்டார். சபை காசு தரமாட்டோம் என்றது. அவர் தனிப்பட்டவர்களிடம் சேர்த்து வாங்கி 1966 ஒக்ரோபரில் நிறுத்திவிட்டார். வரிக்காசு ஒரு சதமும் போகவில்லை. ஆனாலும் அந்த டிசம்பரில் தேர்தலில் தோற்றார். சிற்பமும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் அந்தச் சிற்பத்தால் ரொறன்ரோவோடு ஒட்டிக்கொண்ட மூர், பிறகு தன் படைப்புகளில் பெருந்தொகையை ஒன்ராறியோ கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். இந்தக் கணக்கை 1966 வரிச்சீட்டில் எப்படிப் போடுவது?

இனிச் சொல்லப்போவது இந்தக் கதையை நான் மெச்சிக்கொண்டே போக விடாத பகுதி.

அந்தச் சதுக்கம் வெறுங்காணியில் வரவில்லை. குயீன் வீதிக்கு வடக்கே இருந்த பகுதிக்கு "வார்ட்" என்று பெயர். அயர்லாந்துப் பஞ்சத்தில் வந்தவர்கள், அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பிய கறுப்பினத்தார், யூதர், இத்தாலியர், பிறகு சீனர் — ரொறன்ரோவுக்குக் கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் முதலில் போய்த் தங்கிய இடம். 1950-களில் எலிசபெத் தெருவைச் சுற்றிச் சீனர் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், சங்கங்கள். 1923-இலிருந்து 1947 வரை சீனர் வருவதைக் கனடா சட்டம் போட்டே தடுத்திருந்தது. அதனால் மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வயதாகிப்போன ஆண்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர். அவர்களுக்கு வீட்டுக்குப் பதிலாக இருந்தது அந்தச் சங்கங்களும் கடைகளும்தான். நகரம் அந்தக் காணிகளைச் சுவீகரித்து இடித்தது. சீனத் தெருவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

18 மில்லியனுக்கு ஊர் முழுவதையும் கேட்டார்கள். எலிசபெத் தெருவை இடிக்கலாமா என்று எலிசபெத் தெருக்காரரைத் தனியாக யாரும் கேட்கவில்லை. மதிப்பீட்டில் காணி விலை இருக்கும், ஒரு தெரு கலைந்துபோவதைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதியிருக்காது. 1960-களின் கடைசியில் மிச்சமிருந்ததையும் எடுக்கப் பார்த்தபோதுதான் ஜீன் லம் என்ற பெண்மணி எழும்பினார். எலிசபெத் தெருவிலே சாப்பாட்டுக் கடை நடத்தியவர். நகர மண்டபத்து அரசியல்வாதிகள் மத்தியானம் சாப்பிட வருகிற கடை அது. சபைக்குப் போய்ப் பேசினார், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனார், மிச்சத்தைக் காப்பாற்றினார். 1976-இல் கனடாவின் உயர் விருது கிடைத்த முதல் சீனக் கனடியப் பெண் அவர்தான். ஆனால் அதற்குள் பெரும்பாலான கடைகள் ஸ்படைனாவுக்கு நகர்ந்துவிட்டன.

ஊரைவிட்டு வந்து, ஸ்காபரோவில் ஒரு தெருவோரக் கடைத்தொகுதியில் மரக்கறிக் கடையும் நகைக்கடையும் ஒரு சங்கத்தின் மாடியறையும் வைத்திருக்கிற எங்களுக்கு இது வேறு யாருடைய கதையோ என்று தோன்றக்கூடாது. அந்தக் கடைத்தொகுதிகளுக்கு மேலேயும் இப்போது நாற்பது மாடி அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன.

ஸ்காபரோ என்றவுடன் எங்கள் சொந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1971-இல் இங்கே 334,310 பேர். இருபது வருடத்தில் ஆறு மடங்கு. 1930-களில் கடனில் மூழ்கிய அதே ஊர் 1973-இல் சிவிக் சென்ரரைத் திறந்தது. எலிசபெத் மகாராணி வந்து திறந்துவைத்தார். வரைந்தவர் றேமண்ட் மொரியாமா. இரண்டாம் உலகப் போரில் யப்பானியக் கனடியர்களைக் கனடா முகாம்களில் அடைத்தபோது அடைபட்ட சிறுவர்களில் ஒருவர். தன்னை அடைத்த நாட்டுக்கே பிறகு அவர் கட்டிக்கொடுத்த கட்டடங்களில், உள்ளே நுழைந்தவுடன் மேலே ஆகாயம் வரை திறந்திருக்கிற இந்த நடுமுற்றம் எனக்குப் பிடித்தது. மாடிகள் படிப்படியாகச் சுற்றிவர, எந்தக் கந்தோரில் யார் இருக்கிறார்கள் என்று கீழே நின்றே தெரியும். மேசைக்குப் பின்னால் ஒளிய இடமில்லை.

இந்த மண்டபத்தின் விதி வேறு. 1998 ஜனவரி 1-ஆம் திகதி ஸ்காபரோ என்ற நகரமே இல்லாமல் போனது. மாகாண அரசு ஆறு உள்ளூராட்சிகளை ஒன்றாக்கி ஒரே ரொறன்ரோ ஆக்கியது. 1997-இல் நடந்த வாக்கெடுப்புகளில் மக்கள் பெரும்பான்மையாக எதிர்த்தார்கள். அரசு கணக்கில் எடுக்கவில்லை. இருபத்தைந்து வருடம் சபை கூடிய மண்டபம் ஒரே இரவில் கிளைக் கந்தோர் ஆகியது. அங்கே இப்போது நடப்பது சமூக சபைக் கூட்டம், கலியாண அனுமதிப்பத்திரம், வரி கட்டுவது. பக்கத்தில் 2015-இல் ஒரு நூலகம் வந்தது, அது எப்போதும் நிரம்பியிருக்கிறது. டவுன்ரவுனில் சபையின் அளவையும் மாகாணமே திரும்பத் திரும்ப மாற்றுகிறது. 2018-இல் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே 47 உறுப்பினரை 25 ஆக வெட்டினார்கள். ஐம்பது வருட வளர்ச்சிக்கு என்று கணக்குப் போட்டு எத்தனை கதிரை வைப்பது என்று திட்டமிடுகிறவர்கள் பாவம்தான்.

அப்படியிருந்தும் மார்க்கத்தில் 2006-இல் லோகன் கணபதியும், 2017 இடைத்தேர்தலில் நீதன் சாண் ரெவெலின் அந்தத் தட்டு மண்டபத்திலும் சபை உறுப்பினர்களாகப் போய் உட்கார்ந்தபோது எங்கள் வீட்டில் தொலைபேசி விடாமல் அடித்தது. அந்த இரண்டு மண்டபத்தையும் கட்டியபோது எங்களை யாரும் மனதில் வைத்துக் கட்டவில்லை.

எழுத்து முடிந்து அன்று மாலை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தான் யாழ்ப்பாண மாநகரசபைக் கதைக்கு வந்தார். வருவார் என்று எனக்குத் தெரியும். கோட்டைப் பக்கத்தில் இருந்த பழைய மண்டபம் போரில் அழிந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் சபை நல்லூரில் இருந்து நடந்தது. 2019-இல் பழைய இடத்தில் புது மண்டபத்துக்கு அடிக்கல் வைத்தார்கள், காசு கொழும்பிலிருந்து. 2022-இல் நாட்டின் திறைசேரி வற்றியபோது அந்த வேலையும் இழுபட்டது.

"உங்கை மாதிரி அங்கை எங்களிட்டை ஆரும் கேக்கேல்லை" என்றார் அத்தான். "கேட்டிருந்தா?" என்றேன். சோலைவரி ஒழுங்காகக் கட்டாத சனம் மண்டபத்துக்கு ஓம் சொல்லுமோ என்று அக்கா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தா. அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. சொன்னால்தானே வரைபடத்தைக் கேட்கலாம், கேட்டால்தானே வரி கட்டுகிறவனுக்கும் ஒரு உரிமை வரும் என்று தொடங்கினார். இடிந்த சனத்திடம் கடன்பத்திரமும் வாக்கெடுப்பும் பேசுவது நியாயமில்லை என்று நான் சொன்னேன். போர் அழித்ததற்கு அரசுதான் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைத் துப்புரவாக்க, வெளிச்சம் போட, கூரை ஒழுகினால் பூச, வருடா வருடம் யார் கொடுப்பது என்று அத்தான் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ரொறன்ரோவிலேயே லெனக்ஸின் பழைய மண்டபத்துக்கு இன்றைக்கும் அந்தப் பிரச்சினைதான். 1960-களில் கடைத்தொகுதி ஒன்றுக்காக, மணிக்கூட்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு அதை இடிக்கப் பார்த்தார்கள், தப்பியது. ஆர்மரி தெருவில் 2023-இல் புது நீதிமன்ற மாளிகை திறந்தபிறகு பழைய மண்டபத்துக்கு உள்ளே என்ன வைப்பது, பராமரிக்க யார் கொடுப்பது என்று மறுபடி பேச்சு. அருங்காட்சியகம் என்கிறார்கள், நூலகம் என்கிறார்கள், வாடகைக்கு விடலாம் என்கிறார்கள்.

கலியாண மண்டபமாக விட்டால் நல்ல வாடகை வரும் என்பது அக்காவின் கருத்து.